பேரீச்சம்பழக்காரர் வாங்காதவை

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டை அண்டா, பிடி போன வாளி, சாவி தொலைந்த பூட்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை இருந்தது. தராசில் அவர் விரல் விளையாடும் என்பது வேறு கதை. இன்று அவர் இடத்தில் ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை வண்டி வருகிறது. பழத்துக்குப் பதில் பணம் தருகிறார்கள்.

போன போகிக்கு எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது அப்படி ஒரு வண்டியை நிறுத்தினோம். வண்டிக்காரர் குவியலை ஒரு பார்வை பார்த்தார். இன்வெர்ட்டர் பேட்டரியை முதலில் தூக்கினார். அதற்கு நல்ல விலை சொன்னார். இரண்டு பழைய கைப்பேசிகள், ஒரு மிக்சி மோட்டார், செய்தித்தாள் கட்டு எல்லாம் ஏறின. மிச்சத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, "இதெல்லாம் குப்பைல போட்டுருங்க சார்" என்றார். மிச்சம் என்னவென்றால் நான்கு ட்யூப்லைட், ஏழெட்டு சி.எஃப்.எல். பல்பு, ஒரு பாதரச தெர்மாமீட்டர், அடியில் கெட்டிப்பட்டுப்போன எனாமல் பெயின்ட் டப்பா, கரப்பான் மருந்து ஸ்பிரே, பிஸ்கட் டின் நிறைய காலாவதியான மாத்திரைகள், அப்பா காலத்து இன்சுலின் ஊசிகள். சட்டப்படி குப்பையில் போடக்கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அவர் காலால் ஒதுக்கியவை அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இந்தத் தற்செயல் ஒற்றுமைதான் இக்கட்டுரைக்குக் காரணம். வீட்டிலிருந்து வெளியேறும் நச்சுப் பொருட்களைப் பற்றிப் பேசும்போது மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நம் வீடுகளில் பாட்டிமார்கூட பால் கவரைக் கழுவிக் காயவைத்து விற்றவர்கள். பிரித்து வைப்பது நமக்குப் புதிதில்லை. விலைபோகும் எதுவும் தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது; விலைபோகாத நஞ்சுக்குத்தான் வழி இல்லை. வழி அமைக்க வேண்டியவர்கள் யார், இதுவரை என்ன அமைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2016 ஏப்ரல் 8 அன்று வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கக் கூறின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் கழிவு. மூன்றாவதற்கு விதியே பட்டியல் தந்தது. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து கலன், சி.எஃப்.எல்., ட்யூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி என்று அது போகிறது. இவற்றைப் பொதுமக்கள் கொண்டுவந்து ஒப்படைக்க, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளாட்சிகள் மையம் அமைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் குறைந்தது 22 மையங்கள். உங்கள் பகுதிக்கான மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். குப்பை வண்டியின் பாட்டைத் தூக்கத்தில்கூடப் பாடும் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்காது.

இப்போது அந்த விதிகளுக்குப் பதிலாக 2026இல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மூன்று நான்காகியிருக்கிறது: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு. நாப்கினும் டயப்பரும் தனி வகையானது நல்ல மாற்றம். நாப்கின் உறையைப் பிரித்துக் கையால் பொறுக்க நேர்பவர்களின் அவமானத்துக்கு இப்போதாவது ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் மூன்றாவது தொட்டியே இல்லாத தெருவில் நான்காவது தொட்டியை அறிவிப்பது காகிதத்துக்கு எளிது.

இன்னொரு முரணும் உண்டு. ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு பீப்பாய் நச்சுக் கழிவு வெளியே போனால், அதனுடன் ஒரு சீட்டும் போக வேண்டும்: யார் அனுப்பினார், எந்த வண்டி, எங்கே இறங்கியது என எல்லாம் அதில் பதிவாகும். கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே அடியில் விரிப்பு போட்டுக் கட்டிய புதைநிலம் இருக்கிறது. அதே பாதரசம், அதே ஈயம் வீட்டிலிருந்து வந்தால் சீட்டும் கிடையாது, விரிப்பும் கிடையாது. இது நம் நாட்டுக் குறை மட்டுமில்லை. அமெரிக்காவிலும் 1976ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் வீட்டுக் கழிவுக்கு விலக்கு அளித்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆய்வாளரை நிறுத்த முடியாது என்பது நியாயம்தான். வீட்டுக்கு வீடு பார்த்தால் அளவு அற்பம். லட்சம் வீடுகளின் அற்பம் ஒரே கிடங்கில் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அந்தக் கணக்கைப் பாதரசத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சி.எஃப்.எல். பல்பில் இருப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழ். ஒன்றிரண்டு கடுகின் எடைதான் இருக்கும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் பாதரசம். அதாவது, ஒரு பல்பின் பாதரசம் முழுக்க உரத்தில் இறங்கினால் 33 கிலோ உரத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் அரை கிராமுக்குக் குறையாமல் பாதரசம் இருக்கும். அதே கணக்கில் அது மூன்று டன்னுக்கு மேற்பட்ட உரம். ஒரு லாரிச் சுமை. நடைமுறையில் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும், எல்லாம் உரத்தில் தங்காது. ஆவியானது எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி, அவ்வளவுதான்.

காற்றில் போனது மழையோடு இறங்கும். ஏரி, கழிமுகச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். சிறு மீனைப் பெரு மீன் தின்னத் தின்ன அது செறிவாகிக்கொண்டே போகும். அதனால் நெத்திலியில் இருப்பதைவிடச் சுறாவில் அதிகம் இருக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அடையாளம் காணப்பட்ட நோய் இந்த வழியாக வந்ததுதான். அங்கே ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் கலந்து கடலுக்குப் போனது. அந்த ஊரின் பெயரால் 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா அதை 2018இல் ஏற்றது.

நம் ஊர் மினமாட்டா கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களில் அந்த மலைக்கு வந்து சேர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் விவகாரம் வெடித்தது. எங்கே தெரியுமா? ஆலைக்குள் இல்லை, மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் அங்கே சாக்குகளில் கிடந்தது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து ஆண்டுகள்.

இந்தக் கதையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் அந்தக் காயலான் கடைதான். கண்ணாடிக்கு விலை இருந்தது. பாதரசம் அதன் முதுகில் இலவசமாகச் சவாரி செய்தது. ஆகவே விலை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் பல்பு உடைந்தால் செய்ய வேண்டியது எளிமையானது, ஆனால் நம் கை பழக்கத்துக்கு நேர் எதிரானது. துடைப்பத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஏ.சி.யை நிறுத்தி, சன்னலைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் அறையை விட்டு விலகி இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியைச் செலோடேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். வேக்குவம் கிளீனர் பாதரசத்தைச் சூடாக்கி அறை முழுக்கப் பரப்பிவிடும். தெர்மாமீட்டர் உடைந்து உருண்டோடும் வெள்ளி மணிகளை உள்ளங்கையில் வைத்து விளையாடியது எங்கள் தலைமுறை. அதை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

எல்.இ.டி. வந்தபின் சி.எஃப்.எல். பிரச்சினை தானாக வற்றிவிடும் என்று சிலர் சொல்வார்கள். விற்பனைக்கு அது உண்மை. ஆனால் இப்போதுதான் பழையவை பரணிலிருந்து இறங்குகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இதோமுகா என்ற இடத்தில் ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கம் இருந்தது. 1970களில் அது மூடப்பட்டது. இன்று அதே இடத்துக்கு நாடு முழுவதும் இருந்து பழைய ட்யூப்லைட்டுகளும் பேட்டரிகளும் வந்து சேர, அவற்றிலிருந்து பாதரசத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பூமியிலிருந்து எடுத்த இடத்திலேயே திரும்பி வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கவிதை தெரிகிறது. ஒரு டன் ட்யூப்லைட்டை அவ்வளவு தூரம் அனுப்பும் செலவை உள்ளாட்சிகள் ஏற்கின்றன என்பது அந்தக் கவிதையின் உரைநடை.

ஊசிக்கு வருவோம். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஒரு பங்கினர்தான். ஆனாலும் அந்த ஒரு பங்கினரின் தினசரி ஊசிகள் எங்கே போகின்றன? மருத்துவமனை ஊசி என்றால் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி வெட்டி, வெண்ணிறக் கலனில் அடைத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அதே மருத்துவர் எழுதித் தந்து வீட்டில் போட்டுக்கொண்ட ஊசி, கறிவேப்பிலைக் காம்போடு சேர்ந்து போகும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஏழு நாளுக்குள் அந்தப் பையில் எத்தனை கை படும் என்று பாருங்கள்: தெருவில் வாங்குபவர், வண்டியில் பிரிப்பவர், கிடங்கில் பொறுக்குபவர். கையுறை கொடுத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஊசிக்கு ரப்பர் கையுறை ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. காலியான ஃபினாயில் கேன் போன்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி இறுக்கி, வெளியே "ஊசி" என்று பெரிதாக எழுதிவிடுவது. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போட முயலாதீர்கள். குத்துவது பெரும்பாலும் அப்போதுதான். புனேயில் குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவான ஸ்வச், நாப்கின் பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள் என்று இயக்கமே நடத்தியது. கேட்டது ஒரு பொட்டு மட்டும்தான். பிரிக்காமலே அடையாளம் தெரிந்தால் போதும் என்பது அந்தப் பெண்களின் கோரிக்கை.

மருந்தில்தான் குழப்பம் அதிகம். குப்பையில் போட்டால் பொறுக்குபவர் கையிலோ, மாட்டின் வயிற்றிலோ, போலி மருந்து வியாபாரியிடமோ போகும். கழிப்பறையில் கொட்டினால் ஆற்றுக்குப் போகும். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் மாத்திரையின் வேதிப்பொருளை வடிகட்டக் கட்டப்பட்டவை அல்ல. ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கலந்துகொண்டே இருந்தால், அதைத் தாங்கப் பழகிய கிருமிகள் வளரும். ஆகவே கொட்டாதீர்கள் என்பது பொது விதி. ஆனால் 2025இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் கொட்டிவிடச் சொன்னது. ஃபென்டானில், மார்ஃபின், டிரமடால், டயஸிபாம் போன்றவை அதில் உண்டு. முரணாகத் தெரியும், காரணம் எளிது. இவற்றில் ஒரு மாத்திரை தவறிப்போய் ஒரு குழந்தையின் வாய்க்குப் போனால் உயிரே போகலாம். ஆற்றைவிட அந்த ஆபத்து உடனடியானது.

மற்ற மருந்துகளுக்கு? கேரளம் 2025இல் கோழிக்கோட்டிலிருந்து ஒரு முயற்சியைத் தொடங்கியது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே வீடுகளில் தேங்கிய மாத்திரைகளைத் திரட்டி முறையாக அழிக்கும் திட்டம் அது. தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை மருந்துக் கடை இருக்கிறது. மொத்த விற்பனையாளர் வண்டி தினமும் வந்து போகிறது. காலாவதிச் சரக்கைக் கடைக்காரர் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தத் திரும்பும் பாதையில் வாடிக்கையாளரின் பிஸ்கட் டின்னுக்கும் ஓர் இடம் கொடுத்தால் போதும். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

இப்போது விலை இருக்கும் நஞ்சுக்குத் திரும்புவோம். வண்டிக்காரர் முதலில் தூக்கிய இன்வெர்ட்டர் பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். புதியது வாங்கினால் பழையதற்குத் தள்ளுபடி என்று கடைகளே வாங்கிக்கொள்கின்றன. 2001இலேயே இதற்கு விதி வந்தது, 2022இல் புதிய பேட்டரி விதிகள் தயாரிப்பாளர் தலையில் முழுப் பொறுப்பையும் வைத்தன. எனவே ஈய பேட்டரி குப்பைக் கிடங்குக்கு வருவது அரிது. அது போகும் இடம் சில சமயம் கிடங்கைவிட மோசம். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தை உருக்குகிறார்கள். செனகலில் டாக்கார் அருகே இப்படிப்பட்ட பேட்டரி உருக்கும் வேலையால் 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பேரீச்சம்பழக்காரரின் கூவலில் இரண்டாவதாக ஒலித்த சொல் ஈயம் என்பது இப்போது வேறு மாதிரி காதில் விழுகிறது. பொருள் வீட்டை விட்டு ஒழிந்தால் போதும் என்ற நிம்மதி நமக்கு; அது எந்த ஊர்ப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறுகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

கைப்பேசி, புளூடூத் ஸ்பீக்கர் இவற்றில் இருக்கும் பேட்டரிகளின் சிக்கல் வேறு. லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளே முனைகள் ஒட்டித் தானே சூடேறும். தீப்பற்ற நெருப்புக்குச்சி வேண்டாம். குப்பையை அழுத்தி ஏற்றும் லாரியின் வேலையே நசுக்குவது. ஆகவே இரண்டு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் வரும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடம் வெந்துவிடலாம். தீர்ந்துபோனதிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும்.

பெயின்ட், பூச்சிமருந்து, ஆசிட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இரண்டைத் தவிர. ஒன்று, கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பையில் கசிந்து கலந்தால் வருவது குளோரின் வாயு. இரண்டு, காலிக் கலன். நல்ல டப்பாவாயிற்றே என்று மறுபடி பயன்படுத்தும் நம் சிக்கனம் இங்கே கொல்லும். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். பூச்சிமருந்துக் கலனில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. பூச்சிமருந்து கலனை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்று வேளாண் துறை சொல்வது இதனால்தான். ஓட்டை போட்ட கலனில் யாரும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள்.

சரி, பிரித்து வைத்ததை வாங்குவது யார்? இந்தூரில் குப்பை வண்டியிலேயே வீட்டு நச்சுக் கழிவுக்குத் தனி அறை இருக்கிறது. எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அம்மாவிடம் ட்யூப்லைட்டைக் காட்டிக் கேட்டேன். "தனியாக் குடுத்தா தனியாத்தான் வாங்குறேன் சார். வண்டியில எல்லாம் ஒரே எடத்துலதான போவுது" என்றார். அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்த விடை நீலகிரியிலிருந்து வருகிறது, அதுவும் டாஸ்மாக் கடையிலிருந்து. யானைக் காட்டில் உடைந்த மதுப்புட்டிகள் கிடப்பதைக் கண்டித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால், 2022 மே மாதம் முதல் அங்கே ஒரு புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். கடை ஊழியர்கள் வேலைச்சுமை என்று முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் புட்டிகள் திரும்பின. குடிப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு யாரும் எடுக்கவில்லை. விலை இல்லாத ஒன்றுக்குப் பத்து ரூபாய் விலை வைத்தார்கள், அவ்வளவுதான்.

பல்புக்கும் தெர்மாமீட்டருக்கும் ஊசிப் பெட்டிக்கும் இதைச் செய்ய முடியும். மின்னணுக் கழிவு விதிகள் 2016 முதலே ட்யூப்லைட்டையும் சி.எஃப்.எல்.லையும் தயாரிப்பாளர் பொறுப்பில் சேர்த்திருக்கின்றன. ஆகவே பல்புக்கு யார் செலவு என்பதில் சட்டச் சண்டைகூட இல்லை. விற்கும் கடையே வாங்கும் கடையாக வேண்டும். கூடவே மூஞ்சிக்கல்லும் டாக்காரும் காட்டும் எச்சரிக்கை: வாங்கியது எங்கே போனது என்று காட்டும் சீட்டும் வேண்டும், தொழிற்சாலைப் பீப்பாய்க்கு இருப்பதைப் போல. விலை மட்டும் வைத்துச் சீட்டு வைக்காவிட்டால், நஞ்சு குப்பைக் கிடங்கிலிருந்து தகரக் கொட்டகைக்கு இடம் மாறியிருக்கும்.

போகிக்கு மறுநாள் அந்த நான்கு ட்யூப்லைட்டையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, அவற்றை வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம். "வெச்சிட்டுப் போங்க சார், ராத்திரி குப்பை வண்டியில போட்டுடறேன்" என்றார். நன்றி சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த அன்று சமையலறை ட்யூப்லைட்டும் கண் சிமிட்ட ஆரம்பித்தது. பரணில் இப்போது ஐந்து இருக்கின்றன.